கிரிம்சன் குளோரி கேட்டேன், வந்தது வேறு ரோஜா

நாற்றுப்பண்ணை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: ரகம் மாறி வந்த ரோஜாச் செடி குறித்து.

வணக்கம். உங்களிடம் கிரிம்சன் குளோரி ஒட்டுச் செடிக்குப் பணம் கட்டினேன். வந்த செடி நன்றாக வேர் பிடித்துத் துளிர்த்தது. பூத்த பிறகுதான் அது வேறு ரகம் என்று தெரிந்தது.

ஜெர்மனியின் வில்ஹெல்ம் கோர்டெஸ் 1935-ல் வெளியிட்ட ரகம் கிரிம்சன் குளோரி. நல்ல கருஞ்சிவப்பு, வெல்வெட் போன்ற இதழ். பூவின் கனம் தாங்காமல் காம்பு வளைந்து தலை கவிழும். செடி பக்கவாட்டில் பரவி வளரும். பூ முதிரும்போது ஊதாச் சாயல் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னீர் ரோஜாவின் அடர்ந்த வாசம். அந்த வாசத்துக்காகத்தான் இதைக் கேட்டேன்.

என் தோட்டத்தில் நிற்பதோ விறைப்பான நீளக் காம்பு, தடித்த இதழ், நெட்டையாக மேலே போகும் செடி. பூங்கொத்துக்கு வெட்டும் ரகம் என்று பார்த்ததுமே தெரிகிறது. வாசம் துளியும் இல்லை.

வெயிலாலும் உரக் குறைவாலும் வாசம் குறையும் என்று பதில் எழுதியிருந்தீர்கள். வாசம் கூடும் குறையும், உண்மைதான். அதனால்தான் வெயில் ஏறுமுன், காற்றடிக்காத நேரத்தில், பாதி விரிந்த பூக்களாகப் பார்த்து முகர்ந்தேன். ஒன்றிலும் இல்லை. சரி, வாசத்தை விடுங்கள். உரம் போடாததால் செடியின் வாகுமா மாறிவிடும்?

“காம்பு நேராக நிற்பது நல்லதுதானே” என்று உங்கள் ஊழியர் சொன்னது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தலை கவிழும் பூ என்று தெரிந்து, ஆசைப்பட்டுத்தான் கேட்டேன். நிமிர்ந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று மேடை கட்டி நட்டேன்.

ஒட்டுக் கட்டுவதற்குக் கண் (துளிர் விடும் மொட்டு) எடுத்த தாய்ச்செடியை முதலில் பாருங்கள். கண் ஒட்டில் தாயின் ரகமே அப்படியே வரும். தாய்ச்செடியிலேயே பெயர் மாறியிருந்தால், அதிலிருந்து கட்டிய அத்தனை செடியும் தவறாகத்தான் போயிருக்கும். வாங்கியவர்கள் தங்கள் வளர்ப்பில்தான் குறை என்று நினைத்து உரத்தைக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள்.

தாய்ச்செடி பூத்து ரகம் உறுதியான பிறகு, அதிலிருந்து கட்டிய செடியை எனக்கு அனுப்புங்கள். முடியாதென்றால் அனுப்பும் செலவோடு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். பூ, காம்பு, முழுச் செடி, நீங்கள் கட்டிவிட்ட பெயர் லேபிள் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் தரவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்