அடுத்த தெரு வெளியூர் ஆகாது: நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சென்ற கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘ஸ்கேன் செய்த கோப்புகளின் அளவு மிகப் பெரிது, வெளியே பிரதி வைப்பது நிதிநிலை அனுமதிக்கும்போது பரிசீலிக்கப்படும்.’ அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இந்த மடல். நேரில் சொன்னால் பொருளாளர் அண்ணாச்சி டீ வரவழைத்துப் பேச்சை மாற்றிவிடுவார். அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

‘மிகப் பெரிது’ என்று இதே காரணத்தைச் சொன்ன அரசாங்கம் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேர்த்துவைத்திருந்த ‘ஜி டிரைவ்’, 858 டெராபைட் (ஒரு டெராபைட் என்பது ஆயிரம் ஜிபி), அப்படியே போயிற்று. கொள்ளளவு பெரிது என்று அதற்கு வெளியே பிரதி எடுக்காமல் விட்டிருந்தார்கள். நம்முடையது வெறும் 20 டெராபைட்.

நம் பிரதிகள் எங்கே இருக்கின்றன? படிப்பறைக்குப் பின்னால் உள்ள இரும்பு பீரோவில். மேல்தட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், கீழ்த்தட்டில் மஞ்சள் பைக்குள் இன்னொன்று. ‘அதுதான் இரண்டு இருக்கிறதே’ என்கிறார் அண்ணாச்சி. இரண்டுக்கும் பூட்டு ஒன்றுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, தாமிரபரணி நம் ஊருக்குள் வந்ததே, அந்தத் தண்ணீர் விட்டுப்போன செம்மண் கோடு பீரோவின் கீழ்த்தட்டில் இன்னும் இருக்கிறது. மஞ்சள் பை உட்கார்ந்திருப்பது அந்தக் கோட்டுக்குக் கீழே. அடுத்த தெருவில் தன் மாடி அறையைத் தருவதாகச் சொன்ன உறுப்பினருக்கு நன்றி. ஆனால் அங்கேயும் அதே ஆறு, அதே மின்கம்பி, அதே இடி.

இனி செலவு. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் ஓர் ஏ4 பக்கம் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 100 மெகாபைட். நம்மிடம் இரண்டு லட்சம் பக்கம். அமேசானின் ‘கிளேசியர் டீப் ஆர்க்கைவ்’ என்ற இணையக் கிடங்கு மலிவு என்று ஒருவர் சொன்னார். அமெரிக்க மையத்தில் டெராபைட்டுக்கு மாதம் ஒரு டாலர் அளவுதான், உண்மை. ஆனால் அது கிடங்கு வாடகை. சரக்கை வெளியே எடுக்கும் கூலி வேறு. இணையம் வழியாக இறக்க டெராபைட்டுக்கு ஏறக்குறைய 90 டாலர். கேட்ட கோப்பு கைக்கு வர 12 மணி முதல் 48 மணி நேரம். வெள்ளம் வடிந்த மறுவாரம் மொத்தத்தையும் கேட்டால் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் பில் வரும். அந்த வாரம் உண்டியலில் என்ன இருக்கும்?

பேக்பிளேஸ் நிறுவனத்தின் ‘பி2’ என்ற இணையக் கிடங்குச் சேவை 2023 அக்டோபரில் டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்று விலை வைத்தது. வைத்திருப்பதைப் போல மூன்று மடங்கு வரை மாதந்தோறும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நேர்மையான கணக்கு. ஆனால் 20 டெராபைட்டுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும், நமக்குக் கட்டாது. எல்டிஓ-9 காந்த நாடா ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். அதைப் படிக்கும் கருவி லட்சங்களில். விடுங்கள்.

நான் சொல்வது இதுதான். இரண்டு லட்சம் பக்கத்தில் பெரும்பகுதி வேறு நூலகங்களிலும் அச்சில் இருப்பவை. தொட்டால் உதிரும் கையெழுத்து இதழ்களும் கோயில் கணக்கேடுகளும் சேர்ந்து 3 டெராபைட்தான். அவற்றை மட்டும் பி2 போன்ற சேவையில் வைத்தால் அந்த 2023 விலைப்படி மாதம் 18 டாலர், இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பல ஃபைபர் இணையத் திட்டங்களின் மாத வரம்பு 3,300 ஜிபி; ஒரே மாதத்தில் ஏற்றிவிடலாம். மொத்தத்தையும் ஏற்றப் பார்த்தால் ஏழு மாதம் இழுக்கும். ஏற்றும் முன் மறையாக்கம் செய்வோம், அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைப்போம். அதன் கடவுச்சொல் என் தலையில் மட்டும் இருக்க வேண்டாம், எனக்கு 63 வயதாகிறது. எழுதி உறையிலிட்டு வங்கி லாக்கரில் வையுங்கள்.

மொத்த 20 டெராபைட்டுக்கு? முதற்கட்டமாகப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். மஞ்சள் பையில் இருக்கும் டிஸ்க்கைக் கோவையில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய ஸ்கேன்களைச் சேர்த்துவிட்டு, ஏதாவது பத்து இதழ்களைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வரும் 14ஆம் தேதி தங்கை பேத்திக்குக் காதுகுத்து. பஸ் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. டிஸ்க்கை மடியிலேயே வைத்துக்கொண்டு போவேன். பீரோ சாவி செயலரிடம் இருக்கிறது. 13ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு நூலக வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஸ்கேன் அறைத் தன்னார்வலர்