குதிருக்குள் இருந்தது நான்தான்

தஞ்சாவூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வாட்ஸப்பில் குட்மார்னிங் படம் அனுப்புவதோடு நிறுத்தாமல் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறாயே, அதற்கே உனக்கு ஒரு டிகிரி காபி வாங்கித் தர வேண்டும். மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில், "வண்டியை இப்போது எடுப்பதில்லை, வயசாகிவிட்டது, பஸ்ஸே வசதி" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைத்தான் நாலு தடவை படித்தேன். வண்டியிலிருந்து நீ விழுந்து நாலு மாதம் ஆகிறது, கால் கட்டையும் பிரித்தாகிவிட்டது. உங்கள் ஊர் பஸ் எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரியாதா? இது 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' கதைதான்.

கோபப்படாதே. அந்தப் பழமொழியைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் இந்த ஜில்லாவில் கிடையாது. ஐம்பது வருடமாக நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். லிஃப்ட்டில் ஏற மாட்டேன். கேட்டால் "படி ஏறினால் உடம்புக்கு நல்லது" என்பேன். ஏசி பஸ் வேண்டாம். "ஜன்னல் காத்து மாதிரி வருமா" என்பேன். பள்ளிக்கூடத்தில் இருட்டறைச் சோதனைக்குப் பையன்களை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் நின்றுகொண்டு ரீடிங் கேட்டு எழுதுவேன். வீட்டில் பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டதே இல்லை. அதற்காக உன் தங்கச்சியிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்ததும் எனக்கு இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கழுத்தில் நரம்பு அழுந்துகிறது போலிருக்கிறது, எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர். தைரியமாகத்தான் போனேன். காந்தப்புலம் பற்றி முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவன் இல்லையா? இதில் எக்ஸ்ரே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான் என்று வெளியே பெஞ்சில் காத்திருந்த ஓர் அம்மாவுக்கு வகுப்பே எடுத்தேன். அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மோதிரம், கைக்கடிகாரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். படுக்க வைத்துக் காதை அடைத்து, முகத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டை மாட்டினார் அந்தத் தம்பி. கையில் ஒரு ரப்பர் குமிழ். "பயமா இருந்தா அழுத்துங்க சார், வந்துடுவேன்." பலகை நகர்ந்தது. குழாயின் அகலம் 60 சென்டிமீட்டர் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னைப் போல ஓர் ஆறடி ஆள் அதற்குள் மல்லாந்து கிடந்தால், கூண்டுக்கு மேலே மிஞ்சுவது நாலு விரற்கடைதான். அந்த நிமிடம், அந்த ஏசி அறையில், டெட்டால் வாசனைக்கு நடுவே எனக்கு நெல் தூசி வாசனை அடித்தது மாப்ளே. தும்மல் வருகிற மாதிரி மூக்கில் ஏறியது. இயந்திரம் சத்தம் போட ஆரம்பிக்கும் முன்பே குமிழை அழுத்திவிட்டேன். அவர் வந்து வெளியே இழுக்கும்வரை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். வீட்டில், பிபி ஏறிவிட்டதால் எடுக்கவில்லை என்று சொன்னேன்.

அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். இதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

எங்கள் வீட்டு ரேழியில் நின்ற மண் குதிர் ஞாபகம் இருக்கிறதா? உறை உறையாக அடுக்கிச் சாணி மெழுகி, ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். அடியில் நெல் தள்ளுகிற ஓட்டையைப் பழந்துணியால் அடைத்திருப்பார்கள். மார்கழிக் கடைசி, இன்னும் அறுப்பு ஆகவில்லை, குதிர் காலி. நமக்கு ஒன்பது வயது. கண்ணாமூச்சியில், "உள்ளே இறங்கிக்கோடா, எவனும் கண்டுபிடிக்க மாட்டான்" என்று யோசனை சொன்னவன் நீ. உரல் மேல் ஏறி என்னை இறக்கிவிட்டு மூடியையும் வைத்தாய். அதற்குள் உங்கம்மா மண்ணெண்ணெய் வாங்கிவர உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் தூசி. அண்ணாந்து குதித்தால் மூடி விரல் நுனிக்குத்தான் பட்டது, நகரவில்லை. கத்தினேன், சத்தம் எனக்கே திரும்பி வந்தது. அடைப்புத் துணியைக் காலால் உதைத்து வெளியே தள்ளினேன். உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. அதில் மூக்கை வைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது, ஆனால் அந்தச் சுற்றளவுக்குள் குனிய இடமில்லை. எவ்வளவு நேரம் என்கிறாய்? இப்போது கணக்குப் போட்டால் அரை மணிகூட இருக்காது. பாட்டிதான் வந்து தூக்கினாள். டிராயர் நனைந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் நீ வந்து எனக்கு ஒரு கமர்கட்டு கொடுத்தாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

அந்தக் குதிர் இப்போது இல்லை. 2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி ரேழி ஓடெல்லாம் பறந்து, அது பாதி சரிந்து கிடந்தது. மிச்சம் அடுத்தடுத்த மழையில் கரைந்தது. அந்த மண்ணை வாரித்தான் புதுத் தென்னங்கன்றுகளுக்குப் போட்டோம். தென்னை பாளை விடும் வயதுக்கு வந்துவிட்டது, நான் இன்னும் உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஊசி போட்டுத் தூங்க வைத்து ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். உடனே தலையாட்டினேன். மகள்தான், "லிஃப்ட்டுக்கும் ஊசி போட்டுப்பியாப்பா?" என்றாள். அவள் அதைச் சும்மா சொல்லவில்லை. போன வருடம் சென்னையில் அவள் வீட்டில் இருந்தபோது பேத்தி மேஜை முனையில் இடித்துக்கொண்டு நெற்றி கிழிந்துவிட்டது. எல்லோரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டுக்கு ஓடினார்கள். நான் படியில் ஓடினேன். பதினோரு மாடி. கீழே போய்ச் சேர்ந்தபோது காரும் இல்லை, யாரும் இல்லை. குழந்தைக்கு மூன்று தையல் போட்டுத் திரும்பி வரும்வரை வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆக, மகள் சொன்னபடி ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். என் மகள் வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. நான் போனதும், லிஃப்ட் ஏன் அறுந்து விழாது என்று விளக்கினேன்: 1854-ல் நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் மேடையில் ஏறி நின்றுகொண்டு, கூட்டத்துக்கு முன்னால் கயிற்றை வெட்டச் சொன்னார், பிரேக் பிடித்தது, மேடை விழவில்லை. "இவ்வளவு தெரிஞ்சும் ஏற மாட்டேங்கறீங்களே சார், அப்போ இது தெரியாததால வந்த பயம் இல்லை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. புத்திக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், உடம்புக்குச் சொல்லவே இல்லை. பயம் வந்ததும் ஓடிவிடுகிறேன், ஓடியதும் நிம்மதி வருகிறது. ஓடினதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு எழுதிவைத்துக்கொள்கிறது. உடற்பயிற்சி, ஜன்னல் காத்து என்று நான் சொன்ன சாக்கு ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில் போட்ட வரவுதான்.

அவள் ஒரு பழைய கதை சொன்னாள். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டாலே அலறுகிற பீட்டர் என்ற குட்டிப் பையனை எடுத்துக்கொண்டாராம். பையன் சாப்பிடும்போது முயலைக் கூண்டோடு தூரத்தில் வைப்பது, நாளாக நாளாக ஒவ்வொரு சாணாகக் கிட்டே நகர்த்துவது. கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கப் பையன் கையை நீட்டினானாம். எனக்கு ஏற்பாடும் அதேதான். பயப்படுகிறதையெல்லாம் எழுதி 0 முதல் 100 வரை மார்க் போடச் சொன்னாள். ஜோசப் வோல்பே என்ற டாக்டர் கொண்டுவந்த அளவுகோலாம். வாத்தியாருக்கே மார்க் ஷீட்! பாத்ரூம் தாழ்ப்பாள் 20, கதவு திறந்த லிஃப்ட்டில் நிற்பது 35, ஒரு மாடி தனியாக 70, எம்ஆர்ஐ 100.

நிபந்தனை ஒன்றுதான்: பயம் தானாக இறங்கும்வரை வெளியே வரக்கூடாது. செல்போனைப் பார்க்கக்கூடாது, கண்ணை மூடக்கூடாது. முருகா முருகா என்று சொல்லலாமா என்றேன். "முன்னாடி கும்பிடுங்க, அப்புறம் கும்பிடுங்க, உள்ளே வேண்டாம், இல்லாட்டி முருகன் இருந்ததாலதான் தப்பிச்சேன்னு உடம்பு நினைச்சுக்கும்" என்றாள். இதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. இருந்தாலும் முருகனை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் போனேன்.

இன்னொரு வேடிக்கை. ஒரு நிமிடம் வேக வேகமாக மூச்சு விடச் சொன்னாள். தலை சுற்றியது, இரண்டு கை விரல்களும் விறுவிறுத்தன. "மூச்சு முட்டுதுன்னு வேகமா இழுக்கறீங்க, அதனால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையுது. அதுதான் இது, சாவு இல்லை" என்றாள். ஐம்பது வருடமாகச் சாவென்று நினைத்துக்கொண்டிருந்ததை நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரவழைத்துக் காட்டிவிட்டாள் பார்.

ஒரு மாதம் மகள் வீட்டில் தங்கினேன். முதல் நாள் லிஃப்ட் கதவு மூடியதும் முதுகில் வியர்வை கோடாக இறங்கியது தெரிந்தது. கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடி, திரும்பக் கீழ்த்தளம், மறுபடி முதல் மாடி. ஒரு கிழவன் காரணமில்லாமல் இருபது தடவை ஏறி இறங்கினால் வாட்ச்மேன் என்ன நினைப்பார்? மூன்றாம் நாள், ஏதாவது தொலைந்துவிட்டதா சார் என்று கேட்டே விட்டார். இரண்டாவது வாரம் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றது. இருட்டு. 90 என்று மனசுக்குள் மார்க் போட்டேன். கத்த வாயைத் திறந்தேன், கத்தவில்லை. நெல் தூசி வாசனை வந்தது, நின்றது. மார்க் 70 ஆயிற்று, 60 ஆயிற்று. ஜெனரேட்டர் போட்டு விளக்கு வந்தபோது, இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து வந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. சத்தியமாக.

போன மாதம் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அந்தக் கூண்டுக்குள் கண்ணுக்கு நேராக ஒரு சின்னக் கண்ணாடி சாய்த்து வைத்திருக்கிறார்கள், முதல் தடவை நான் அதைப் பார்க்கவே இல்லை. அதில் என் கால் பெருவிரல்களும் அவற்றுக்கு அப்பால் ஜன்னலும் தெரிந்தன. உள்ளே மெல்லிசாகக் காற்றும் வீசுகிறது. சத்தம்தான் பேய்ச் சத்தம், யாரோ தகர டின்னைச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி. ஏன் என்று யோசித்தேன். காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாய்ந்தால் சுருள் அதிரத்தானே செய்யும்? பிளமிங்கின் இடக்கை விதி! கட்டைவிரல் விசை, ஆள்காட்டி விரல் புலம், நடுவிரல் மின்னோட்டம். மரத்துப்போன இரண்டு விரலையும் வயிற்று மேல் மெதுவாக விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதுவும் ஒரு கவசம்தான் என்பாள் அந்தப் பெண். இருக்கட்டும். பயம் போய்விட்டதா என்று கேட்காதே, 40-க்குக் கீழே அது இறங்கவே இல்லை. கழுத்தில் எலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு (டிஸ்க்) இலேசாகப் பிதுங்கியிருக்கிறதாம், அறுவை வேண்டாம், பிசியோதெரபி போதும்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வண்டி மேல் போட்டிருக்கும் சாக்கை எடுத்து, துடைத்து, திண்ணையோரம் ஸ்டாண்டு போட்டு வை. சாவியைத் தேட வேண்டாம். அதன் மேல் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிக்கிறாய், அவ்வளவுதான். பைபாஸ், லாரி எல்லாம் மார்க் ஷீட்டில் கீழே எங்கேயோ வரும். அதை நான் வந்ததும் சேர்ந்து எழுதலாம், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

தங்கச்சியிடம் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிவை. அப்புறம், அந்தக் கமர்கட்டு எதற்கு என்று இந்தத் தடவையாவது சொல்லு.

உன்,
நெட்டை