வட்டத்துக்குள் அடங்காத மதிப்பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு மாணவர் ஐந்து பாடங்களில் பெற்ற மதிப்பெண்களைத் தந்து, அவற்றுக்கு வட்ட விளக்கப்படம் வரையச் சொல்லும் கணக்கு பள்ளிப் பயிற்சிகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுவருகிறது. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் கூடுதலால் வகுத்து 360 ஆல் பெருக்கினால் மையக்கோணம் கிடைக்கும். கோணமானி கொண்டு வரைந்தால் அந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் எல்லாப் பாடங்களிலும் 90 வாங்கியவருக்கும், எல்லாவற்றிலும் 40 வாங்கியவருக்கும் வருவது ஒரே படம்தான்: 72 பாகை கொண்ட ஐந்து வட்டக்கோணப் பகுதிகள். மதிப்பெண் பட்டியலில் எவரும் முதலில் தேடும் செய்தியையே மறைத்துவிடும் படத்தை வரையச் சொல்லிப் பாராட்டுகிறோம் என்பது, கணிதம் கற்பிக்கும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதற்கு வட்டம் மிகப் பொருத்தமானது. மணிக்கு 15 பாகை; எட்டு மணி நேர உறக்கத்துக்கு 120 பாகை. இங்கே முழுமை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் கூடினால் வேறொன்றில் அது குறைந்தே தீரவேண்டும். கணக்கில் மதிப்பெண் கூடுவதால் அறிவியலில் குறைவதில்லை. இந்த வேறுபாட்டை விளக்கப் பத்து நிமிடம் போதும், ஆனால் கோணம் கணக்கிடும் அவசரத்தில் அதற்கு இடமில்லாமல் போகிறது.

இதைவிட நுட்பமான தவறு, மாணவர்களே தரவு திரட்டும்போது நேர்கிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பிடித்த விளையாட்டுகளைக் கேட்டு, ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சொல்லலாம் என்று விட்டால், கால்பந்துக்கு 25, கூடைப்பந்துக்கு 18, சதுரங்கத்துக்கு 15 என மொத்தம் 58 வரக்கூடும். 58 ஐ முழுமையாகக் கொண்டு வரைந்தால் கால்பந்துக்கு ஏறத்தாழ 155 பாகை, அதாவது பாதி வட்டத்துக்கும் குறைவு. வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர், சரியாகச் சொன்னால் 62.5 சதவீதத்தினர், கால்பந்தை விரும்புகின்றனர் என்பதே உண்மை. கணக்கிடுதலில் பிழை ஏதுமில்லை. படம்தான் தவறான செய்தியைச் சொல்கிறது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1801 இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வட்டப் படங்களைப் பயன்படுத்தினார். அவற்றுள் ஒன்று, துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகியவற்றில் எவ்வாறு பிரிந்திருந்தது என்பதைக் காட்டியது. ஒரு முழுமை, மூன்றே பகுதிகள். பகுதிகள் எட்டு, பத்து எனப் பெருகி அளவில் நெருங்கும்போது எது பெரிது என்று கண்ணால் சொல்வது கடினம். கோணங்களை ஒப்பிடுவதைவிடப் பொதுவான ஓர் அளவுகோலின் மீதுள்ள நிலைகளை ஒப்பிடுவதே மனிதருக்குத் துல்லியமாக வருகிறது என்று ஆய்வாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கிலும் 1984 இல் சோதனை வழியே காட்டினர். அத்தகைய இடங்களில், எல்லாப் பட்டைகளையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட உதவும் பட்டை வரைபடமே ஏற்றது.

பாடத்திட்டத்தை மாற்றவேண்டும் என்று நான் கோரவில்லை. தேர்வில் மூன்று அட்டவணைகளைக் கொடுத்து, வட்ட விளக்கப்படத்துக்குப் பொருந்தாதது எது, ஏன் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வினா கேட்கலாம். அதற்குக் கவராயமோ கோணமானியோ தேவையில்லை. வினாத்தாள் தயாரிப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளுமாறு தங்கள் இதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்