மூன்றாவது புகார்: கண் தெரியாதவர் சர்வீஸ் தேதி பதிய முடியாத உங்கள் புதிய அகப்பக்கம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர். இதை அகப்பக்கத்துக்கு கோட் எழுதுகிறவர் கையிலும் கொடுக்கவும்.

அனுப்புநர்: வாடகைத் தண்ணீர் ஃபில்டர் வாடிக்கையாளர் குடும்பம், சுங்கை சிப்புட், பேரா.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையாருக்கு வணக்கம்.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றுதான் பதில் தொடங்கியது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. ஃபில்டர் மாற்ற ஆள் அனுப்பச் சொன்னேன்.

மெஷின் அப்பா பெயரில் இருக்கிறது. மாதம் 90 ரிங்கிட், உங்கள் புது அகப்பக்கம் வரும்வரை ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. நான்கு மாதத்துக்கு ஒரு தடவை ஃபில்டர் மாற்றித் தருவது உங்கள் ஒப்பந்தம். முன்பெல்லாம் ஒரு போன் போதும். புது அகப்பக்கம் வந்ததிலிருந்து போனில் கேட்டால் ஆன்லைனில் பதியுங்கள் என்கிறீர்கள், ஈப்போ கிளையில் கேட்டாலும் ஆன்லைனில் பதியுங்கள் என்கிறீர்கள். ஆன்லைனில் பதிய முடியவில்லை என்பதுதானே புகாரே! அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. அவருடைய ஓகேயூ கார்டின் (மாற்றுத்திறனாளி அட்டை) நகல் உங்களிடமே இருக்கிறது. பழைய பக்கத்தில், கைத்தொலைபேசித் திரையை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக் வாசிக்க வாசிக்க அவரே பில் கட்டிக்கொண்டிருந்தார்.

சர்வீஸ் பதியும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கணக்கு எண்" என்ற எழுத்து ஒரு டிவ்வில் (வெறும் பெட்டி) இருக்கிறது, நிரப்ப வேண்டிய கட்டம் அதற்குக் கீழே. பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரியும். கோடில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. அதனால் டாக்பேக் "எடிட் பாக்ஸ்" என்று மட்டும் சொல்கிறது. அடுத்ததும் எடிட் பாக்ஸ், அதற்கடுத்ததும் எடிட் பாக்ஸ். எதில் கணக்கு எண் போடுவது, எதில் போன் நம்பர் போடுவது? அந்த டிவ்வைக் கட்டத்தின் பெயரைச் சொல்லும் லேபல் ஆக்கி, அதன் ஃபார் மதிப்பையும் கட்டத்தின், அதாவது இன்புட்டின், ஐடியையும் ஒரே சொல்லாக வைத்தால் தீர்ந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு வரி வேலை. ஆனால் உங்கள் போன் கட்டத்துக்கும் முகவரிக் கட்டத்துக்கும் ஒரே ஐடி கொடுத்து வைத்திருக்கிறீர்கள். அப்படியே லேபல் போட்டால் முகவரியின் பெயர் போன் கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஐடியை முதலில் பிரியுங்கள். கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ப்ளேஸ்ஹோல்டர் எழுதிவிட்டு லேபல் போட்டாயிற்று என்று பதில் அனுப்ப வேண்டாம். ஓர் எழுத்து தட்டினாலே அது மறைந்துவிடும், பிறகு என்ன கேட்டார்கள் என்று பார்க்க அழித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலண்டர் இருக்கிறதே, அதுதான் பெரிய கொடுமை. 31 நாளும் 31 ஸ்பான் (வெறும் எழுத்துத் துண்டு), ஒவ்வொன்றிலும் தட்டினால் வேலை செய்யும் ஓர் ஆன்கிளிக். டேப் விசை ஒன்றில்கூட நிற்பதில்லை. விரலால் தடவினால் டாக்பேக் "பதினான்கு" என்று எண்ணை மட்டும் சொல்கிறது. எந்த மாதத்துப் பதினான்கு, அன்றைக்கு ஆள் வருவாரா என்பது எதுவும் இல்லை. காலி நாளுக்குப் பச்சை, நிரம்பிய நாளுக்குச் சிவப்பு என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக் கூடாது என்பது அகப்பக்கங்களை எல்லாரும் பயன்படுத்துவதற்கான உலக விதிமுறை டபிள்யூசிஏஜியின் 1.4.1, 2008-இல் வந்த 2.0 பதிப்பிலேயே இருக்கிறது.

காலண்டரைத் தூக்கிப் போடுங்கள். இன்புட் டைப் டேட் போட்டால் கைத்தொலைபேசியின் சொந்தக் காலண்டர் திறக்கும், மின், மேக்ஸ் (முதல் தேதி, கடைசித் தேதி) கொடுத்தால் பழைய தேதியைத் தடுக்கும். நடுவில் நிரம்பிப் போன நாளை மட்டும் அதனால் தடுக்க முடியாது, அதைச் சர்வரில் சரிபார்க்க வேண்டும். அதைவிட, அடுத்த பத்துக் காலி நாட்களை மட்டும் ஒரு செலக்டில் (விரியும் பட்டியல்) "14 வியாழன்" என்று கிழமையோடு வரிசையாகப் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஃபில்டர் மாற்ற அவ்வளவு போதும். காலை, மதியம், மாலை என்ற மூன்று நேரத்துக்கும் மூன்று ரேடியோ பட்டன், சுற்றி ஒரு ஃபீல்ட்செட் (குழுவாக்கும் சட்டம்), அதன் தலைப்பான லெஜெண்டில் "வருகை நேரம்". நிரம்பியதன் பக்கத்தில் "நிரம்பிவிட்டது" என்று எழுத்தில் எழுதுங்கள்.

இவ்வளவையும் உங்கள் ஹாட்லைனில் பேசிய ஆளிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு அவர் சொன்ன பதில் இது: "அங்கிளுக்குக் கண்ணு தெரியலன்னா நீங்க அமுக்கிக் குடுங்க லா. கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு வெப்சைட்?" பெயர் கேட்டேன், போனை வைத்துவிட்டார். பேச்சைப் பதிவு செய்வதாக உங்கள் மெஷின் குரல்தான் முதலிலேயே சொல்கிறதே, எடுத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு அடுத்துப் பேசியவர் மரியாதையாகப் பேசினார், அது உண்மை. ஆனால் அவர் காட்டிய வழி, வலது கீழ் மூலையில் இருக்கும் வீல்சேர் ஐகானை அழுத்துங்கள் என்பது. ஐயா, அது வெளியில் வாங்கி ஒரு வரி ஸ்கிரிப்டில் ஒட்டிய பூச்சு. எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். கைத்தொலைபேசியே செய்கிற வேலை. எந்த எழுத்து எந்தக் கட்டத்துக்குச் சொந்தம் என்று அதற்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, 360 பிக்சல் அகலத் திரையில் அந்த ஐகான் "அனுப்பு" பட்டன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அந்த "அனுப்பு" பட்டனும் பட்டன் இல்லை, பட்டன் வேஷம் போட்ட டிவ். டாக்பேக்கில் இருமுறை தட்டினால் சில நேரம் வேலை செய்யும், ஆனால் "பட்டன்" என்று சொல்லாது. கீபோர்டில் போய்ச் சேரவே முடியாது. டிவ்வைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் ரோல் பட்டன், டேப்இண்டெக்ஸ் 0, என்டருக்கும் ஸ்பேஸுக்கும் தனித்தனிக் கீடவுன், ஸ்பேஸ் அழுத்தினால் பக்கம் உருளாமல் இருக்க ஒரு தடுப்பு, இத்தனையும் எழுத வேண்டும். பட்டன் டேக் போட்டால் எல்லாம் சும்மாவே வரும். ஸ்டைல்ஷீட்டின் முதல் வரியில் எல்லாவற்றுக்கும் அவுட்லைன் நன் என்று எழுதி, கீபோர்டில் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை மறைத்திருக்கிறீர்கள், அதையும் எடுங்கள். மவுஸில் கிளிக் செய்யும்போது கோடு அசிங்கமாகத் தெரிகிறது என்பதுதான் காரணம் என்றால் ஃபோகஸ்-விசிபிள் அதற்காகவே இருக்கிறது: 3 பிக்சல் கோடு, 2 பிக்சல் இடைவெளி.

நல்லபடியாகத்தான் எழுத நினைத்தேன். ஈப்போ நினைவுக்கு வந்தால் முடியவில்லை. அரை நாள் சம்பளத்தை விட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு, பழைய சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து கிளைக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் ஒரு க்யூஆர் அட்டையைக் காட்டி "ஸ்கேன் பண்ணிப் பதிஞ்சுக்கங்க" என்றார். அப்பாவைப் பார்த்துச் சொல்கிறார்! ஸ்கேன் செய்தால் அதே பக்கம், அதே காலண்டர். கவுண்டர் ஊழியரே பதிந்து தரலாமே என்றேன், தங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையாம். கார் நிறுத்திய காசும் தண்டம்.

உள்ளே நுழைவதே பாதி யுத்தம். ஓடிபிக்கு ஆறு தனித்தனிக் கட்டம் வைத்து, பேஸ்ட்டையும் தடுத்து வைத்திருக்கிறீர்கள். குறுஞ்செய்தியைக் கேட்டு, ஆறு எண்ணை மனதில் வைத்து, ஒவ்வொரு கட்டமாகத் தேடிப் போட வேண்டும். ஒரே இன்புட் போதும்: ஆட்டோகம்ப்ளீட்டில் ஒன்-டைம்-கோட், இன்புட்மோடில் நியூமெரிக், பேஸ்ட் தடை வேண்டாம். இவை இரண்டு சொல் சேர்க்கிற வேலை, கீபோர்டின் மேலேயே எண் வந்து நிற்கும். பிறகு மூன்று நிமிடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே தள்ளுகிறீர்கள், நிரப்பியது எல்லாம் போச்சு. நேரக்கெடு வைத்தால் முடியும் முன் எச்சரித்து, நீட்டிக்க குறைந்தது 20 விநாடி கொடுத்து, பத்துத் தடவையாவது நீட்டிக்க விட வேண்டும் என்று அதே டபிள்யூசிஏஜியின் 2.2.1 சொல்கிறது. அதோடு ஒரு தீபாவளிச் சலுகை பாப்அப். மூடும் குறி பின்னணிப் படமாகப் போட்ட ஸ்பான், அதற்குப் பெயரே இல்லை. பாப்அப் திறந்திருக்கும்போதே டாக்பேக் பின்னால் இருக்கும் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. டயலாக் டேக் போட்டு ஷோமோடலில் திறங்கள்; பின்பக்கம் தானாகச் செயலிழக்கும், எஸ்கேப் அழுத்தினால் மூடும். மூடுகிற பட்டனுக்கு, டாக்பேக்குக்குப் பெயர் சொல்லும் ஆரியா-லேபல் "மூடு". தீபாவளி முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

தப்பாக நிரப்பினால் கட்டத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு வருகிறது, வேறு சத்தமே இல்லை. கட்டத்தில் தப்பு என்று சொல்லும் ஆரியா-இன்வேலிட் ட்ரூ, பிழை வாக்கியத்துக்கு ஓர் ஐடி, கட்டத்தில் ஆரியா-டிஸ்கிரைப்ட்பை அந்த ஐடியைக் காட்ட வேண்டும், முதல் தப்பான கட்டத்துக்கு ஃபோகஸ் போக வேண்டும். "பதிவாகிவிட்டது" என்ற செய்திக்கு, வந்ததும் வாசிக்கச் சொல்லும் ஆரியா-லைவ் போட்டிருப்பதைப் பார்த்தேன், பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பெட்டியையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் செருகுகிறீர்கள். திரைவாசிப்பான் பல நேரம் அதைக் கண்டுகொள்ளாது. பக்கம் திறக்கும்போதே பெட்டி காலியாக இருக்க வேண்டும், பிறகு எழுத்தை மட்டும் உள்ளே போட வேண்டும். பதிவானதா என்று தெரியாமல் அப்பா நான்கு தடவை அழுத்தினார் என்பது உங்கள் சர்வரிலேயே இருக்கும்.

தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன். பார்க்க அழகான தமிழ். கேட்டால், "அம்மா" என்ற சொல்லை "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று படிக்கிறது. பழைய துண்டறிக்கையில் இருந்த பாமினி (யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துரு) எழுத்தை அப்படியே ஒட்டி, எழுத்துருவை மட்டும் ஏற்றியிருக்கிறீர்கள். அடியில் இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. யூனிகோடுக்கு மாற்றுங்கள், கன்வெர்ட்டருக்கு ஒரு நிமிட வேலை, பிறகு ஒரு தடவை கண்ணால் சரிபார்க்க வேண்டும். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாட்டில் இதை நான் எழுதிக்கொண்டிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. மாற்றியதும் பக்கத்தின் லாங் மதிப்பைத் தமிழுக்கு டிஏ என்றும் மலாய்ப் பக்கத்துக்கு எம்எஸ் என்றும் கொடுங்கள். இப்போது எல்லாம் ஆங்கிலம் என்று இருப்பதால் "பாயாரான்" (கட்டணம்) என்ற மலாய்ச் சொல்லை வெள்ளைக்காரன் மாதிரி வாசிக்கிறது.

அம்மாவுக்குப் பார்வை உண்டு, புரை மட்டும். அவர் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பவர். வ்யூபோர்ட்டில் யூசர்-ஸ்கேலபிள் நோ என்று போட்டு அதையும் பூட்டிவிட்டீர்கள். அந்தச் சொல்லை நீக்குவதற்கு எத்தனை நாள் வேண்டும்? வெள்ளையில் #999999 சாம்பல் எழுத்து, மாறுபாடு 2.85-க்கு 1. குறைந்தது 4.5 வேண்டும், #767676 போட்டால் 4.54 வரும். பட்டனின் உயரத்தைப் பிக்சலில் இறுக்கியதால் தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் வெட்டுப்படுகின்றன. உயரத்துக்குப் பதில் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்து லைன்-ஹைட்டை (வரி உயரம்) 1.5 ஆக்குங்கள்.

"எங்கள் பக்கம் லைட்ஹவுஸில் 100-க்கு 100" என்று உங்கள் இரண்டாவது மின்னஞ்சல் சொன்னது. லைட்ஹவுஸ் பக்கத்தைத் தானாகச் சோதித்து மார்க் போடும் கருவி. படத்தை விவரிக்கும் ஆல்ட் எழுத்து இருக்கிறதா என்று அது பார்க்கும், அதில் எழுதியிருப்பது சரியா என்று பார்க்காது. பணம் கட்டும் உங்கள் டுயிட்நவ் க்யூஆர் படத்தின் ஆல்ட் "இமேஜ்2". மார்க் கிடைத்துவிட்டது, பில் கட்ட முடியவில்லை. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் மட்டும் வைத்து ஒரு சர்வீஸ் தேதி பதிந்து பாருங்கள். பிறகு கணினித் திரைவாசிப்பானான என்விடிஏ போட்டு, திரையை அணைத்துவிட்டு இன்னொரு தடவை. என்விடிஏ இலவசம். அந்த ஹாட்லைன் ஆளையே உட்கார வையுங்கள்.

இழப்பைச் சொல்கிறேன். ஆறு மாதமாக ஃபில்டர் மாற்றவில்லை, குடும்பமே பாட்டில் தண்ணீரில் ஓடுகிறது. பெட்ரோல், இரண்டு அரை நாள் சம்பளம், கட்ட முடியாமல் விழுந்த 10 ரிங்கிட் தாமதக் கட்டணம், உங்கள் பக்கத்தின் பிழைகளை நான் உட்கார்ந்து கண்டுபிடித்துக் கொடுத்த கூலி, அப்பா அன்றைக்குக் கேட்ட பேச்சு, எல்லாம் சேர்த்தால் 5,000 ரிங்கிட்டுக்குக் குறையாது. அந்தப் பேச்சுக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை, அதனால் குறைத்தே போட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த மூன்று நாளுக்குள் போன் வழியாகவே தேதி கொடுத்து ஆள் அனுப்புங்கள், தாமதக் கட்டணத்தை ரத்து செய்யுங்கள். லேபல், பட்டன், பூட்டிய ஜூம், ஓடிபி நான்கையும் 14 நாளில் திருத்துங்கள், மீதிக்கு ஒரு தேதி எழுதிக் கொடுங்கள். செய்தால் மனதார நன்றி சொல்லி எழுதுவேன். இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பாரம் 1 நிரப்பிக் கோரிக்கை பதிவேன். பதியக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீலை அனுப்ப முடியாது, உங்கள் ஆள் நேரில் வர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, பிரிவு 30 தகவல் தொழில்நுட்பம் பற்றித்தான் பேசுகிறது; அதில் தண்டனை இல்லை என்பது எனக்கும் தெரியும், படித்துக்காட்ட முடியும் என்பதும் தெரியும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளரின் மகன்

பி.கு.: இதை முதலில் உங்கள் புகார்ப் படிவத்தில்தான் ஒட்டினேன். 500 எழுத்தோடு சொல்லாமல் அறுத்துவிட்டது. உங்கள் மேக்ஸ்லெங்த் கணக்கில் "கி" என்பது இரண்டு எழுத்து, அதனால் தமிழில் எழுதுகிறவனுக்கு 500-உம் கிடைப்பதில்லை. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.