எங்கள் ஊருக்கும் ஒரு வார்டு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆயிரம் ஜன்னல் வீடும் ஆத்தங்குடிக் கல்லும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெரிய வீடுகள் நிற்கும் ஊர்களைச் சுற்றி, ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கிற குக்கிராமங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. எங்கள் ஊராட்சியில் அப்படி ஐந்து. எங்கள் ஊருக்கு ஓட்டு தொண்ணூற்றுச் சொச்சம். ஊராட்சியின் பெரிய ஊரான தாய்க்கிராமத்தில் மட்டும் எழுநூறு. அங்கே கூடிப் பேசி முடிவு செய்தால் தலைவர் யார் என்பது முடிந்தது. சில ஊர்களில் தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடுவதாகச் செய்தி வருகிறதே, எங்கள் பக்கம் அப்படி நடந்தால் ஏலத்துக்குக்கூட எங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

சரி, தலைவர் விஷயம் ஓட்டுக் கணக்கு. வார்டு உறுப்பினராவது எங்கள் ஆளாக இருக்கக் கூடாதா? தாய்க்கிராமத்தின் இரண்டு தெருக்களை எங்களோடு சேர்த்து ஒரே வார்டாக்கியிருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் ஓட்டு அதிகம் என்பதால் உறுப்பினரும் எப்போதும் அங்கிருந்துதான் வருகிறார். ஊருணிக் கரை விளக்கு எரியவில்லை என்று சொன்னால், "அந்த வழியா வரும்போது பாக்குறேன்" என்பார். எங்கள் ஊர் எந்த ஊருக்கும் போகிற வழியில் இல்லை.

2019 டிசம்பரில் ஓட்டுப்போட அப்பத்தாவை அழைத்துக்கொண்டு போனேன். சாவடி தாய்க்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், இரண்டு மைல். ஒரு வேட்பாளர் அனுப்பிய ஆட்டோவில்தான் போனோம் (அவருக்கே குத்தினோமா என்பது வேறு கதை). வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று ஆளுக்கு நாலு சீட்டு. திரும்பி வரும்போது அப்பத்தா கேட்டது: "இந்த நாலுல நம்ம ஊர்க்காரன் யாருடா?" என்னிடம் பதில் இல்லை.

அப்படி வந்த உறுப்பினர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இதே கதைதான் நடந்தது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்லியிருந்தும் இந்த நிலை. 2019 தேர்தலின்போது எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் 12 ஒன்றியங்கள், 445 ஊராட்சிகள். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் முப்பது நாற்பது ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் என்றால், அவர் எங்கள் ஊருணி விளக்கை எப்போது பார்ப்பது? உறுப்பினர் இருந்தபோது டீக்கடையில் வைத்து நாலு வார்த்தை கேட்கவாவது முடிந்தது.

இப்போதுள்ள வார்டுகள் 2011 மக்கள்தொகையை வைத்துப் பிரித்தவை. அப்போது இருந்த இளவட்டங்களில் பாதிப் பேர் இன்று திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு முடிந்து மறுபடி பிரிக்கும்போது தலையை மட்டும் எண்ணினால் நாங்கள் இன்னும் கரைந்துபோவோம். ஒரு வார்டில் நூறு பேர் குறைந்தால் குடி முழுகிவிடாது. தனியாகக் கிடக்கிற குக்கிராமத்துக்குத் தனி வார்டு கொடுங்கள். முடியாவிட்டால் சின்ன ஊர்கள் இரண்டைச் சேர்த்து ஒரு வார்டாக்குங்கள். பெரிய ஊரின் வாலில் மட்டும் கட்டாதீர்கள். அப்புறம், வருடத்துக்கு ஆறு கிராம சபை என்றாகிவிட்டதே, அதில் இரண்டையாவது குக்கிராமங்களில் மாற்றி மாற்றி நடத்தலாம். எங்கள் பெண்கள் காலையில் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு மைல் நடந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே தீர்மானத்தில் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

வார்டு வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்பது வழக்கம். போன தடவை அந்தத் தாள் ஊராட்சி அலுவலகப் பலகையில் இருந்ததாம், நாள் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இந்த முறை ஒரு பிரதியை எங்கள் ஊரில் ஒட்டட்டும். அலுவலகமோ ரேஷன் கடையோ இங்கே இல்லை. பிள்ளையார் கோயில் வேப்பமரத்தில் ஒட்டினால் போதும், எல்லோரும் பார்ப்போம்.

இப்படிக்கு,
குக்கிராமத்து வாசகர் ஒருவர்,
காரைக்குடி வட்டம்.