இரண்டாவது மாடியில் சுவரைத் துளைக்கிறார்கள்

லைப்சிக்,
17.11.2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசும்போதெல்லாம் "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு, தூங்கலையா?" என்று அம்மா கேட்கிறாள். ஒன்றுமில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையில் அக்டோபர் மாதம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் உங்கள் பெயருக்கே எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் இருக்கும் க்ரூனாவ் பகுதி, கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது 1976-இல் கட்டத் தொடங்கிய பெரிய குடியிருப்பு. எங்கள் கட்டடம் ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது. இங்கே செங்கல் வைத்துச் சுவர் எழுப்பவில்லை. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து கிரேனால் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சுவர், தளம் எல்லாமே கான்கிரீட். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

இதில் கஷ்டம் என்னவென்றால், எங்கே துளை போட்டாலும் நம் தலைமாட்டில் போடுவது போலவே கேட்கும். காற்றில் சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். கான்கிரீட்டில் 3000 மீட்டருக்கு மேல். சத்தம் காது வழியாக மட்டும் வருவதில்லை. சுவரில் இறங்கி, தரையில் பரவி, கட்டில் கால் வழியாகத் தலையணைக்கு வந்துவிடுகிறது. மருந்துக்கடையில் மெழுகு உருண்டை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். 1907-இல் பெர்லினில் ஒரு மருந்துக்கடைக்காரர் செய்ய ஆரம்பித்தது, இன்றும் நன்றாக விற்கிறது. பேச்சுச் சத்தத்தை நன்றாகவே அடைக்கிறது. டிரில்லிங் மிஷினிடம் பலிக்கவில்லை.

நைட் டியூட்டி முடிந்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன். எட்டு மணிக்குள் படுத்துவிடுவேன். ஒன்பதரைக்குத் துளை போடும் சத்தம் ஆரம்பிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம். வார்டில் ஊசி மருந்தை அளக்கும்போது கை நடுங்கியது, அப்பா. அன்றைக்குத்தான் பயந்தேன். என் தூக்கம் போனால் போகட்டும், ஒரு நோயாளிக்கு மருந்து தப்பாகப் போய்விடக் கூடாது.

இந்த ஊரில் சத்தத்துக்கு நேரம் உண்டு. மாடிப்படிக்குக் கீழே வீட்டு விதிகளை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி. மதியம் ஒன்று முதல் மூன்று வரையும் அமைதி. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் முழுக்க அமைதி. ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919-ஆம் வருட அரசியல் சட்டத்திலேயே இருந்ததாம். 1949-இல் புதிதாக எழுதியபோதும் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று மொழி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். கடைகள்கூட மூடியிருக்கும். வந்த புதிதில் ஒரு ஞாயிறு, காலி ஊறுகாய் பாட்டிலைத் தெருமுனையில் பழைய பாட்டில்களைச் சேகரிக்கும் தொட்டியில் போடப் போனேன். ஒரு பாட்டி ஜன்னலைத் திறந்து, "இன்றைக்கு ஞாயிறு, பெண்ணே" என்றார். பாட்டில் உடையும் சத்தம்கூட ஆகாது.

எல்லாம் நல்ல விதிதான். ஆனால் இரவு முழுக்க வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று நோட்டில் குறித்துக் குடியிருப்பு நிர்வாகத்துக்கு அனுப்பச் சொன்னார். இங்கே அதுதான் வழக்கமாம். ஒன்பது நாள் குறித்து அனுப்பினேன். "அனுமதிக்கப்பட்ட நேரத்தில்தான் வேலை நடக்கிறது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் சொன்னது தப்பில்லை, ஆனால் அது ஒரு மனுஷிக்குச் சொல்கிற பதில் இல்லை.

சரி, நேரில் போய்ப் பேசிவிடலாம் என்று கிளம்பினேன். என் வீடு நான்காவது மாடியில். சத்தம் கூரையிலிருந்து வருவதாக நினைத்து ஐந்தாவது மாடிக்குப் போய் மணி அடித்தேன். கதவைத் திறந்த பெண்மணி, "நீங்கள்தான் துளை போடுகிறீர்கள் என்று இத்தனை நாள் நினைத்தேன்" என்றார்! இருவரும் படிக்கட்டில் நின்று சுவரில் கை வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு மாடியாக இறங்கினோம். கடைசியில் அது இரண்டாவது மாடி, அதுவும் எதிர்ப்பக்கத்து வீடு.

கதவைத் திறந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. உள்ளே கைக்குழந்தையோடு மனைவி. இங்கே வாடகை வீடு என்றால் பல இடங்களில் சமையலறையே இருக்காது, அப்பா. அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் குடிவருகிறவர்களே கொண்டுவந்து மாட்ட வேண்டும். காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போவார்கள். இவர்கள் சமையலறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய் மட்டும்தான் இருந்தது. மேல் அலமாரி மாட்டப் பென்சிலால் ஒன்பது புள்ளி வைத்திருந்தான். மூன்று வாரத்தில் மூன்று துளை. அதிலும் ஒன்று கூட விரல் கணு ஆழம் இல்லை.

மிஷினைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. சாதாரண டிரில்லிங் மிஷின், பிட் முனை மழுங்கி, சூடேறி நீலம் பூத்திருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது மகாமகக் குளத்தருகே ஒரு வீட்டில் வயரிங் வேலை செய்தீர்களே, கூட வந்திருந்தேன். பக்கத்து அறையில் பையன் துளை போடும் சத்தத்தைக் கேட்டே "பிட் போயிடுச்சுடா, நிறுத்து" என்றீர்கள். அந்தக் கீச்சென்ற சத்தத்தைத்தான் மூன்று வாரமாகப் படுக்கையில் கேட்டிருக்கிறேன். எனக்கே புரியாமல் போய்விட்டது.

சண்டை போடத்தான் போனேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "என் அப்பா எலக்ட்ரீஷியன். இந்த மிஷின் கான்கிரீட்டுக்கு ஆகாது, ஹேமர் மிஷின் வேண்டும்" என்றேன். இது சுற்றும்போது லேசாகத்தான் அதிரும், அது ஒவ்வொரு சுற்றிலும் சுத்தியல் மாதிரி ஓங்கி அடிக்கும் என்று கையால் அடித்துக் காட்டினேன். கட்டுமானச் சாமான் கடையில் நாள் வாடகைக்குக் கிடைக்குமாம். அடுத்த சனிக்கிழமை எடுத்துவந்தான். ஒரு துளைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பது துளையும் முடிந்து மிஷினை மதியத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பகலில் மேலே ஒரு நர்ஸ் தூங்குகிறாள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. முகம் சிவந்துவிட்டது. என் நைட் டியூட்டி தேதிகளை எழுதி வாங்கிக்கொண்டான். அந்த நாட்களில் மாலை மூன்றுக்கு மேல்தான் எதையும் தொடுவான். குழந்தை அழுதால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்றாள் அவன் மனைவி. குழந்தை அழட்டும், எனக்கு அது தூக்கத்தைக் கெடுக்காது. நம் வீட்டுக்குப் பின்னால் பாத்திரப் பட்டறை நாள் முழுக்கத் தட்டும், அதைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவள்தானே நான்.

என் பக்கமும் தப்பு உண்டு. டியூட்டி முடிந்து வந்ததும் தேங்காய்ச் சட்னி அரைப்பேன். 750 வாட் மிக்ஸி, இங்கேயும் 230 வோல்ட்தான் என்பதால் அடாப்டர் போட்டால் ஓடிவிடுகிறது. அந்தச் சத்தம் கீழ்வீட்டில் எப்படிக் கேட்கும் என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது மிக்ஸிக்குக் கீழே துண்டை நான்காக மடித்துப் போடுகிறேன், எட்டு மணிக்கு முன்னால் அரைப்பதில்லை. தீபாவளி அன்று இங்கே வேறொரு பண்டிகைக்காக அரசு விடுமுறை. அதனால் முந்தின நாள் மாலையே எல்லாம் அரைத்துவைத்துவிட்டேன். வெடி எதுவும் கிடையாது. புத்தாண்டுக்குத்தான் வெடிக்க விடுவார்கள். விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அதிரசம் கொஞ்சம் இரண்டாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் கொடுத்தேன்.

வரும் புதன்கிழமையும் அமைதி நாள். ஜெர்மனியின் 16 மாநிலங்களில் எங்கள் சாக்சனியில் மட்டும் அன்று விடுமுறை. அதனால் அடுத்த சனிக்கிழமை எனக்கே ஒரு வேலை வைத்திருக்கிறேன். அம்மா கொடுத்தனுப்பிய சாமி படங்கள் இன்னும் மேஜைமேல்தான் இருக்கின்றன. சின்ன மர அலமாரி வாங்கியிருக்கிறேன், படங்களோடு நான்கு கிலோ வரும். பையன் ஹேமர் மிஷின் எடுத்துவந்து துளை போட்டுத் தருகிறேன் என்கிறான். அதன் ஸ்க்ரூ சுவரில் பிடிக்க 6 எம்எம் ராவல் பிளக் போதுமா, 8 போட வேண்டுமா? அலமாரிக்கு நேர் கீழே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. வயர் சுவருக்குள் நேராக மேலே போயிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்களே, எவ்வளவு தள்ளிப் போடலாம்?

கடிதம் வந்து சேர நாளாகும், போனிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்குள் தெரிந்தால், எத்தனை மணிக்குத் துளை போடுகிறோம் என்று மாடிப்படியில் சீட்டு ஒட்டிவிடுவேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்