பதினோரு கப்பல் எங்கே?

அன்புள்ள மூர்த்தி,

பதில் போடவில்லை என்று இதற்குள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். சரி, மேலே படி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சுப்பிணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுநாளே சீட்டுக்கட்டைக் கேட்டானாம். திருந்தவே மாட்டான்.

"ஒடிசியஸ் மாதிரி ஒரு தலைவன் உண்டா?" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி என்னைச் சும்மா விடவில்லை. மறுபடியும் ஹோமரின் கிரேக்கக் காவியம் 'ஒடிஸி'யோடு உட்கார்ந்துவிட்டேன். புத்திசாலிதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் போர் முடிந்து ட்ராய் நகரத்திலிருந்து 12 கப்பலோடு கிளம்பியவன் ஊருக்கு ஒற்றை ஆளாக வந்து இறங்குகிறானே, மற்றவர்கள் எங்கே?

முதல் பத்து வரிக்குள்ளேயே ஹோமர் பதில் சொல்லிவிடுகிறார்: சூரியதேவனின் மாடுகளைத் தின்ற முட்டாள்கள், தங்கள் தவறாலேயே அழிந்தார்கள். நாமும் தலையாட்டிவிட்டோம். அட, அந்த மாடுகள் இருந்த தீவுக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு கப்பல்தானடா! மீதி 11 கப்பலும் வெகு முன்பே லேஸ்ட்ரிகோனியர் என்ற ராட்சதர்களின் துறைமுகத்தில் நொறுங்கிவிட்டன. அவர்கள் மேலிருந்து பாறைகளை வீசி, ஆட்களை மீன் குத்துவதுபோலக் குத்தி எடுத்துக்கொண்டு போனார்கள். நம் ஒடிசியஸ் ஐயா மட்டும் தன் கப்பலை வெளியே பாறையில் கட்டியிருந்தார். ஏன் வெளியே? மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அதைப் பற்றி மூச்சே இல்லை. கயிற்றை வாளால் வெட்டிக்கொண்டு ஓடினார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்வதும் அவனேதான், வழியில் அடைக்கலம் கொடுத்த ஃபேயேசியர்களின் விருந்தில் உட்கார்ந்துகொண்டு. மறுத்துப் பேச ஆள் மிச்சமில்லை. அப்படியும் தன் வாயாலேயே மாட்டிக்கொள்கிறான். ஒற்றைக்கண் ராட்சதன் பாலிபீமஸின் குகையிலிருந்து பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஆட்கள் கெஞ்ச, இவனுக்கு விருந்தாளிப் பரிசு வேண்டியிருந்தது. ஆறு பேர் அந்த ராட்சதன் வாயில் போனார்கள். தப்பித்த பிறகாவது வாயை மூடினானா? தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாவற்றையும் கத்துகிறான். அந்தப் பெயரைச் சொல்லித்தானே பாலிபீமஸ் தன் அப்பாவான கடல்தேவன் பாசைடனிடம் முறையிட்டான்? ஸ்கில்லா என்ற ஆறு தலைக் கடல் பூதம் ஆறு பேரைத் தூக்கும் என்று மாயக்காரி சர்சி எச்சரித்ததையும் ஆட்களிடம் மறைத்துவிட்டான், துடுப்பைப் போட்டுவிடுவார்கள் என்று. நம் பழைய மேனேஜர் ஞாபகம் வரவில்லையா உனக்கு?

கேட்டவன் ஒருத்தன் உண்டு, அவன் ஆட்களில் ஒருவனான யூரிலோகஸ். குகையில் செத்தவர்கள் இவனுடைய திமிரால்தான் செத்தார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். நெருங்கிய சொந்தக்காரன் என்றும் பாராமல் தலையை வெட்ட நினைத்தான் ஒடிசியஸ். கூட இருந்தவர்கள் தடுத்தார்கள்.

கடைசிக் காண்டத்தில் இன்னொருவர் கேட்கிறார், ஒடிசியஸின் மனைவியை மணக்க வந்து அவன் கையால் கொல்லப்பட்டவர்களில் ஒருவனான அன்டினூஸின் அப்பா யூபீத்திஸ். ஊர்க்கூட்டத்தில் அழுதுகொண்டே சொல்கிறார்: கூட்டிப்போன கப்பலையும் தொலைத்தான், ஆட்களையும் தொலைத்தான், வந்ததும் இங்கிருந்த பிள்ளைகளையும் கொன்றான். எனக்கு அங்கே மேலே படிக்க ஓடவில்லை, மூர்த்தி. அன்டினூஸ் யோக்கியன் இல்லை. ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸைக் கொல்லச் சதி செய்தவன். ஆனால் அந்தக் கேள்வியில் என்ன தப்பு? கிழவருக்குக் கிடைத்த பதில் ஒடிசியஸின் அப்பா லேயர்ட்டிஸ் எறிந்த ஈட்டி. நடந்ததை எல்லோரும் மறந்துபோகட்டும் என்று கடவுள்களின் ராஜா ஸீயஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டதால், அவர் மகள் அதீனா தேவி வந்து சமாதானம் பண்ணிவைக்கிறாள். கதை முடிந்தது.

உன் தலைவனுக்கு வக்காலத்து வாங்குவதானால் அந்தத் துறைமுகத்திலிருந்து ஆரம்பி. விதி, கடவுள் செயல் என்று எழுதினாயோ, அப்புறம் என்னிடம் பேசாதே.

அன்புடன்,
ராமு